காணாமல் போன காப்பர்

— ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா பாப்பா? பேனாவைக் கையில குடுத்துப் பத்து நிமிஷம் ஆச்சு.

— படிச்சிட்டிருக்கேன் அண்ணி.

— இருக்கிறதே ரெண்டு வரி. எடைக்கணக்கு ப்ரோக்ராம்ல எந்தப் பிழையும் இல்லன்னு எழுதியிருக்கு, கீழ உன் பேரு. இதுல உக்காந்து படிக்க என்ன இருக்கு? நாலு மணிக்கு விசாரணை. இப்பவே மூணு தாண்டிடுச்சு.

— நான் போட்டுட்டா தராசண்ணன் கதி என்ன ஆகும்?

— வேற என்ன, இன்னையோட அனுப்பிடுவாங்க. ப்ரோக்ராம் சரி, தராசும் சரின்னா, தப்பு பண்ணினது தராசுல அள்ளிப் போட்ட ஆளுதானே. மேனேஜர் அப்படித்தான் சொல்றாரு. நானும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.

— நீங்களா எழுதிக் குடுத்தீங்க?

— லேபுக்கு நான்தானே பொறுப்பு, எனக்குப் பதிலா வாசல்ல நிக்கிற வாட்ச்மேனா எழுதுவாரு? குழந்தைக்குக் காய்ச்சல்னு திங்கள், செவ்வாய், புதன் நான் வரல. அந்த மூணு நாள்ல மூணு லாட் நீலக் கரைசல் கலந்து, மூணும் டெஸ்ட்டே ஆகாம லாரி ஏறிடுச்சு. வாங்கின கம்பெனில துணியெல்லாம் திட்டுத் திட்டா சாயம் ஏறி, அத்தனையும் குப்பைக்குப் போயிடுச்சாம். வியாழக்கிழமை வந்து சாம்பிளை எடுத்துப் பாக்குறேன், மூணுமே கன்னாபின்னான்னு ஸ்ட்ராங். எட்டு மாசமா ஒரு லாட் தப்பினது கிடையாது. நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன், மனுஷன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்டியிருக்காரு.

— அவர் என்ன சொல்றாரு?

— அதுதான் எனக்கு எரிச்சலே. கல்லுளிமங்கன் மாதிரி நிக்கிறாரு. கேட்டா, எப்பவும் போடுற மாதிரிதான் போட்டேன்னு ஒரே பாட்டு. இப்பவும் வராந்தா பெஞ்சுல டிபன் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. போடு பாப்பா, தேதி வலது பக்கம்.

— அண்ணி, கோவப்படாம ஒண்ணு கேளுங்க.

— இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும்னு உனக்குத் தெரியும். உன் அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிப்பாரு. போன வாட்டி ஆரம்பிச்சு, பழைய கார் ஒண்ணு வாங்கிட்டேன்னு முடிச்சாரு. அது இன்னும் வாசல்லயே நிக்குது.

— ப்ரோக்ராமை நான் மாத்தினேன்.

— எந்த ப்ரோக்ராமை?

— இதைத்தான். போன ஞாயித்துக்கிழமை, வீட்டுல இருந்தபடியே.

— பாப்பா, நான் நேத்து ராத்திரியும் தூங்கல. விளையாடாதே.

— விளையாடல. இருங்க, இருங்க, முழுசா சொல்லிடுறேன். அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ இருக்குல்ல, அதுக்குப் பழைய கேள்வியெல்லாம் போட்டுப் பாத்துட்டிருந்தேன். அதுல ஒரு கேள்வி. ஒரு கெமிக்கல் ஃபார்முலா குடுப்பாங்க, பிராக்கெட்டுக்குள்ள பிராக்கெட் இருக்கும். எந்த அணு எத்தனைன்னு எண்ணிச் சொல்லணும். அட, இதைத்தான் நாம ஏற்கெனவே அண்ணி ஆஃபிசுக்கு எழுதிக் குடுத்திருக்கோமேன்னு, அதையே எடுத்து ஓட்டினேன். தப்பு வந்துச்சு. உங்க நீலக் கரைசல் சரக்கைப் போட்டுப் பாத்தேன், அதுவும் தப்பு.

— உடனே எனக்கு ஒரு போன் போடுறதுக்கென்ன?

— நீங்க சிபாரிசு பண்ணி வாங்கிக் குடுத்த வேலை. குழந்தை வேற காய்ச்சல்ல படுத்திருந்துச்சு. சத்தம் போடாம சரி பண்ணிட்டா யாருக்கும் தெரியப்போறதில்லன்னு நெனச்சேன்.

— ரொம்ப நல்லா நெனச்ச. ஞாயித்துக்கிழமை நீ கை வச்சிருக்க, திங்கக்கிழமை சரக்கு கெட்டிருக்கு. இதுக்கு விசாரணை ஒரு கேடா? நான் அந்த மனுஷன் மேல புகார் எழுதினேனே, இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?

— அங்கதான் இடிக்குது அண்ணி. மாத்தினது சரி. பழசுதான் தப்பு.

— கெட்டது இந்த வாரம்.

— ஆமா.

— பழசு எட்டு மாசம் ஓடியிருக்கு. நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன், ஒண்ணு விடாம. ஒரு துளி கூடல, ஒரு துளி குறையல. அது தப்பு, இது சரிங்கிற. எனக்கு என்ன, நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?

— நீங்களே பாருங்க. அந்த சாம்பிள் தட்டு மூணு எடுங்க. அப்புறம் இந்த வெத்துப் பேப்பரைத் துண்டு துண்டாக் கிழிங்க.

— நாலு மணிக்கு விசாரணைன்னு சொல்றேன், இவ தட்டு எடுங்கங்கிறா.

— அஞ்சு நிமிஷம். ஃபார்முலாவை நீங்க சொல்லுங்க, நான் அடுக்குறேன். முதல்ல அடித்தட்டு ஒண்ணு வச்சாச்சு. சொல்லுங்க.

— பெரிய பிராக்கெட் திறக்குது.

— பிராக்கெட் திறந்தா மேல ஒரு புதுத் தட்டு. வச்சாச்சு.

— காப்பர்.

— துண்டுல காப்பர்னு எழுதி மேல்தட்டுல போட்டாச்சு. அடுத்து?

— சின்ன பிராக்கெட் திறக்குது.

— அதுக்கு மேல இன்னொரு தட்டு. காப்பர் பத்திரமா கீழ இருக்கு, அதைத் தொட மாட்டேன். எப்பவும் மேல இருக்கிற தட்டுலதான் என் கை.

— நைட்ரஜன் ஒண்ணு, ஹைட்ரஜன் மூணு. பிராக்கெட் மூடுது, பக்கத்துல நாலு.

— மூடினதும் பக்கத்துல என்ன எண்ணோ அதால மேல்தட்டைப் பெருக்கணும். நைட்ரஜன் நாலு, ஹைட்ரஜன் பன்னெண்டு. பெருக்கினதை அப்படியே கீழ்த்தட்டுல கவுத்துடணும். இப்போ காப்பரோட சேந்துடுச்சா?

— சேந்துடுச்சு. அடுத்து பெரிய பிராக்கெட் மூடுது, பக்கத்துல எண் இல்ல.

— எண் இல்லன்னா ஒண்ணு. அதையும் அடித்தட்டுல கவுத்தாச்சு. மிச்சம் சல்ஃபேட்டும், ஒட்டிக்கிட்டு வர ஒரு தண்ணியும் நேரா அடித்தட்டுல. மொத்தமும் வந்துடுச்சு. எத்தனை பிராக்கெட் உள்ள உள்ள போனாலும் தட்டு மேல தட்டா அடுக்கிட்டே போகலாம், எதுவும் தொலையாது. இதுதான் நான் ஞாயித்துக்கிழமை எழுதினது.

— பழசு?

— பழசுல என்கிட்ட பிராக்கெட்டுக்குன்னு ஒரே ஒரு தட்டு. ரெண்டாவது பிராக்கெட் திறந்ததும் அதே தட்டைக் கழுவிட்டுப் புதுசா ஆரம்பிச்சுட்டேன்.

— கழுவினா காப்பர்?

— போயிடுச்சு.

— நீலக் கரைசல்ல நீலமே காப்பர்தான் பாப்பா.

— தெரியும்.

— தெரிஞ்சு என்ன பண்ண? ஒரு தட்டு, ரெண்டு தட்டுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியுது. படிச்சுப் பட்டம் வாங்கின உனக்கு இது ஏன் தோணல?

— நீங்க குடுத்த லிஸ்ட்ல அப்படி ஒண்ணுகூட இல்லையே அண்ணி. இருபது ஃபார்முலா குடுத்தீங்க, இதெல்லாம் சரியா வந்தா போதும்னீங்க. இருபதுலயும் பிராக்கெட் ஒரே அடுக்குதான். நீலக் கரைசல் லிஸ்ட்ல விட்டுப்போய், இருபத்தொண்ணாவதா அப்புறம் வந்து சேந்துச்சு. உள்ளுக்குள்ள உள்ளு இருக்கிறது உங்க கம்பெனிலயே அது ஒண்ணுதான்.

— அப்போ தப்பு என் தலைமேலயா?

— அப்படிச் சொல்லல.

— அப்படித்தான் வருது. இருபதையும் சரிபார்த்தாச்சு, எல்லாச் சரக்குக்கும் பயன்படுத்தலாம்னு கையெழுத்துப் போட்டதும் நான்தானே. எல்லாச் சரக்குக்கும்னு எவ எழுதச் சொன்னா என்னை? சரி, விடு. அந்தக் கால்குலேட்டரை எடு, அணுவோட எடையையெல்லாம் கூட்டுவோம்; அந்த மொத்தத்தை வச்சுத்தானே எத்தனை கிராம் போடணும்னு ஸ்க்ரீன் சொல்லுது. காப்பர் அறுபத்து மூணரை. நைட்ரஜன் நாலுக்கு அம்பத்தாறு. ஹைட்ரஜன் பன்னெண்டு. சல்ஃபர் முப்பத்திரண்டு, ஆக்சிஜன் நாலுக்கு அறுபத்து நாலு. தண்ணி பதினெட்டு. எவ்வளவு?

— இருநூத்து நாப்பத்தஞ்சரை.

— புது ப்ரோக்ராம் என்ன காட்டுது?

— இந்தாங்க, பாருங்க. இருநூத்து நாப்பத்தஞ்சரை.

— பழசு?

— நூத்து எம்பத்திரண்டு. காப்பர் இல்லாம.

— சரியாப் போச்சு. நூத்து எம்பத்திரண்டுன்னு நெனச்சு எடை போட்டா, எட்டு மாசமும் கரைசல் சவசவன்னு வெளுத்துப் போய்த்தானே இருந்திருக்கணும்? முதல் வாரமே வாங்கினவன் வந்து நம்ம சட்டையைப் பிடிச்சிருப்பானே. என் டெஸ்ட்ல எப்படி எல்லாம் சரியா வந்துச்சு?

— அதுதான் எனக்கும் தெரியல. ஞாயித்துக்கிழமையிலேருந்து மண்டையை உடைச்சுக்கிறேன். கணக்கு தப்பா இருந்தப்போ சரக்கு சரி. கணக்கைச் சரி பண்ணினதும் சரக்கு தப்பு. எந்த ஊர் நியாயம் இது?

— உன் தட்டையெல்லாம் எடு. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வருது.

— உங்க டெஸ்ட் தப்பா இருந்திருக்குமா?

— என் டெஸ்ட்டையா சொல்ற? ஒவ்வொரு லாட்டுக்கும் மூணு தடவை பாக்குறவ நான். வாங்கினவங்களும் ஆரம்பத்துல அவங்க லேப்ல பாத்துதான் ஏத்துக்கிட்டாங்க. அந்தப் பக்கமே போகாதே.

— அப்போ தராசு?

— மாசாமாசம் படிக்கல் வச்சு சரிபார்க்கிறோம். பாப்பா, நீ ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டுக்கிட்டே போனா கடைசியில நான் கெமிஸ்ட்டாங்கிறதுலயே வந்து நிப்ப.

— போன் அடிக்குது அண்ணி.

— தெரியுது. மேனேஜர்தான். சார், சொல்லுங்க சார். ஆமா சார், இங்கதான் இருக்கா. இன்னும் போடல சார். இல்ல, படிச்சிட்டிருக்கா. நாலு மணிக்குள்ள கொண்டு வந்துடுறேன் சார். என்ன சார், ஃபைலை மூடணுமா? சரி சார்.

— ஏன் அண்ணி உண்மையைச் சொல்லல?

— என்ன உண்மை? ப்ரோக்ராம் தப்பா இருந்துச்சு, ஆனா சரக்கு சரி; ப்ரோக்ராம் இப்போ சரி, ஆனா சரக்கு தப்புன்னு சொல்லவா? எனக்கு மண்டை குழம்பிடுச்சுன்னு என்னையும் சேத்து அனுப்பிடுவாரு. பாப்பா, பேசாம ஒண்ணு செய்வோமா?

— என்ன?

— உன் ப்ரோக்ராம்ல இன்னைக்குப் பிழை இல்ல. நாமளே இப்போ கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. இந்தக் காகிதம் சொல்றதும் அதைத்தானே. போட்டுக் குடுத்துடு. உனக்கு இன்டர்வியூ இருக்கு. எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு.

— தராசண்ணனுக்கு?

— கேக்காதே.

— நீங்கதானே அண்ணி சொல்லுவீங்க, லேப்ல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற அன்னிக்கும் அவர் ஒருத்தர்தான் கூட நிப்பாருன்னு.

— கேக்காதேன்னு சொன்னேன். சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. சரி, அந்தப் பேனாவைக் கீழ வை. வைன்னா வை. போட வேணாம்.

— அண்ணி, அந்த மூணு லாட்டும் ரொம்ப ஸ்ட்ராங்னீங்களே. எவ்வளவு?

— முப்பத்தஞ்சு சதவீதம் கூட.

— முதல் லாட்டா?

— மூணும்தான். முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு. முப்பத்திநாலே முக்கால்னு ஒண்ணு.

— அள்ளிக் கொட்டுற மனுஷன் மூணு நாளும் ஒரே அளவு அதிகமா எப்படி அள்ளுவாரு?

— ஏன், அள்ளக் கூடாதா?

— இஷ்டத்துக்குப் போட்டா ஒரு நாள் பத்து கூடும், ஒரு நாள் அம்பது கூடும். இது அளந்து போட்ட மாதிரி இருக்கு. இருங்க, இருங்க. நூத்து எம்பத்திரண்டுல அறுபத்து மூணரை எத்தனை சதவீதம்?

— கால்குலேட்டர் உன் கையில இருக்கு.

— முப்பத்தஞ்சு வருது அண்ணி.

— இன்னொரு வாட்டி போடு.

— போட்டேன். கிட்டத்தட்ட முப்பத்தஞ்சேதான். காணாமல் போன காப்பரும் முப்பத்தஞ்சு, இந்த வாரம் கூடினதும் முப்பத்தஞ்சு.

— அவரைக் கூப்பிடு.

— தராசண்ணே, கொஞ்சம் உள்ள வரீங்களா?

— மணி இன்னும் நாலாகலியே தங்கச்சி.

— விசாரணைக்கு இல்லண்ணே. அண்ணி ஒண்ணு கேக்கணுமாம்.

— உக்காருங்க. டப்பாவைக் கீழ வைங்க, யாரும் எடுத்துக்க மாட்டாங்க. திங்கக்கிழமை நூறு லிட்டர் நீலக் கரைசல் போட்டீங்களே, ஸ்க்ரீன் எவ்வளவு காட்டிச்சு?

— ரெண்டு கிலோ நானூத்தி அம்பத்தஞ்சு கிராம் மேடம். ரெஜிஸ்டர்ல இருக்குமே.

— ரெஜிஸ்டர்ல இருக்கிறது எனக்குத் தெரியும். நீங்க போட்டது எவ்வளவு?

— எப்பவும் போடுற மாதிரிதான் போட்டேன்.

— எப்பவும் எப்படிப் போடுவீங்க? இதைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும். கேக்குறேன், சொல்லுங்க.

— ஸ்க்ரீன் சொல்றதுக்கு மேல நூத்துக்கு முப்பத்தஞ்சு. நீலத்துக்கு மட்டும்தான் மேடம், வேற எதுலயும் ஸ்க்ரீனை மீற மாட்டேன்.

— யார் சொல்லிப் போட்டீங்க?

— யாரும் சொல்லல. கம்ப்யூட்டர் வந்த புதுசுல முதல் லாட் கலந்தேன் பாருங்க, நீலம் வரவே இல்ல, வெளுத்த சட்டை மாதிரி இருந்துச்சு. பழைய கரைசல் ஒரு பாட்டில் அலமாரியில இருந்துச்சு. ரெண்டையும் ஜன்னல்கிட்ட வச்சு, இது அது மாதிரி ஆகுற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டேன். ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சப்போ எழுதிப் பாத்தேன், நூத்துக்கு முப்பத்தஞ்சு ஆயிருந்துச்சு. அன்னிலேருந்து அதான் கணக்கு.

— எட்டு மாசமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?

— சொன்னேனே மேடம். நீங்க அப்போ இவங்க அண்ணன்கூட போன்ல சண்டை போட்டுட்டிருந்தீங்க, ஏதோ கார் விஷயம். கம்ப்யூட்டரைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுமா, ஸ்க்ரீன்ல இருக்கிறதை எழுதுங்கன்னீங்க. அதனால ஸ்க்ரீன்ல இருக்கிறதை எழுதுறேன். போடுறது மட்டும் சரக்கு எவ்வளவு கேக்குதோ அவ்வளவு. உங்க டெஸ்ட்ல பாஸாயிட்டே இருந்துச்சா, சரி, இதுல போய் இன்னொரு வாட்டி திட்டு வாங்குவானேன்னு விட்டுட்டேன்.

— ஸ்டோர்ல கணக்கு இடிக்கலியா?

— மருந்து ஏன் சீக்கிரம் தீருதுன்னு கேப்பாங்க. கை தவறிக் கொட்டிடுச்சும்பேன். அதுக்கும் திட்டு வாங்கியாச்சு.

— தராசண்ணே, இந்த வாரம் நீலம் எப்படி இருந்துச்சு, பாக்கலியா?

— பாக்காம இருப்பேனா? கருத்துப்போய் மை மாதிரி தெரிஞ்சுது. ஜன்னல்கிட்ட கொண்டுபோனேன், அப்பவும் அப்படித்தான். ஸ்க்ரீன் எண்ணு லிட்டருக்குத் தக்க லாட்டுக்கு லாட் மாறும், அதை நான் கவனிக்கல. ஆனா அதே கை, அதே கணக்கு, எட்டு மாசமா தப்பாத கணக்கு. அதுல எதுவும் மாறாதப்போ நீலம் மட்டும் எப்படி மாறும்? கோளாறு என்கிட்டதான்னு நெனச்சுக்கிட்டேன்.

— கோளாறு உங்ககிட்ட இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை நான் கணக்கைச் சரி பண்ணிட்டேன். திங்கக்கிழமையிலேருந்து ஸ்க்ரீன் சரியாத்தான் காட்டுது. நீங்க அதுக்கு மேல முப்பத்தஞ்சு போட்டிருக்கீங்க.

— சரி பண்ணிட்டியா?

— ஆமாண்ணே.

— யார்கிட்ட சொன்ன?

— யார்கிட்டயும் சொல்லல.

— தப்பா இருந்தவரைக்கும் நான் பாத்துக்கிட்டேனே தங்கச்சி. சரியானதும் வந்து, இனிமே நீங்க போட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— நீங்க அதைப் போடுறீங்கன்னே எனக்குத் தெரியாதேண்ணே.

— அவளை விடுங்க. தெரிஞ்சுக்க வேண்டியவ நான், எனக்கே தெரியல. என்னை நெனச்சா எனக்கே ஆத்திரமா வருது. எழுந்திரிங்க, மூணு பேருமாப் போவோம். நான் எழுதின புகாரை நானே வாபஸ் வாங்குறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் போட்ட கையெழுத்தையும் அவர் மேஜைமேல வச்சு, இதுக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் குடுங்கன்னு கேக்குறேன். மணி நாலாகப் போகுது, வாங்க.

— இனிமே போய்ப் பிரயோசனம் இல்ல மேடம்.

— ஏன் இல்ல? இன்னும் விசாரணையே ஆரம்பிக்கல.

— நாலு மணிக்குக் கூப்பிட்டது விசாரிக்க இல்ல, நான் எழுதினதை எல்லாரும் கேக்கப் படிச்சுக் காட்டத்தான். தப்பு என்னோடதுதான், எனக்கு இப்போல்லாம் கண்ணு சரியாத் தெரியல, இந்த வேலைக்கு இனிமே லாயக்கில்லன்னு காலைலயே மேனேஜர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.